தராசுக்காரர் வீட்டு வாத்து

பட்டாணி முதல் வாந்தியை எடுத்தது காலை ஆறே முக்காலுக்கு. அதுவும் நேராக வாத்தின் தலையில்.

வாத்து என்றதும் உயிருள்ள வாத்து என்று நினைத்துவிட வேண்டாம். மஞ்சள் துணியில் பஞ்சு அடைத்த பொம்மை. தூங்கினாலும் விழித்தாலும் பட்டாணியின் கக்கத்தில்தான் இருக்கும். ஒரு கண் பொத்தான் எப்போதோ போய்விட்டது. வயிற்றுத் தையல் விட்டு ஒரு மாதம் ஆகிறது. "வாத்து வயித்தத் தச்சுத் தாங்க, தச்சுத் தாங்க" என்று பட்டாணியின் அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அப்பா இன்று நாளை என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தார். அந்தச் சோம்பல்தான் இந்தக் கதை.

பட்டாணிக்கு ஒன்றே முக்கால் வயது. பிறந்தபோது பட்டாணி மாதிரி இருந்தாள் என்று அப்பா சொல்லப்போய் ஒட்டிக்கொண்ட பெயர். உண்மையில் அன்று அவள் இரண்டு கிலோ எழுநூற்று நாற்பது கிராம். பெண்டாட்டியின் பிறந்தநாளை இரண்டு வருடம் தொடர்ந்து மறந்த மனிதருக்கு இந்தக் கணக்கு மட்டும் மறக்காது. தொழில் அப்படி. அவர் தராசு பழுது பார்ப்பவர். மளிகைக்கடை, நகைக்கடை, தபால் நிலையம், இறைச்சிக்கடை என்று எங்கே எந்தத் தராசு முரண்டு பிடித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே வெல்வெட் வைத்த மரப்பெட்டியுடன் வந்து நிற்பார். பெட்டியில் வரிசையாகப் பித்தளை எடைக்கற்கள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் பள்ளம். வேலை முடிந்ததும் கடைக்காரருக்கு ஒரு உபதேசம் இலவசம்.

"முதல்ல வெறும் பாத்திரத்த நிறுங்க. தினமும் நிறுங்க. நேத்து நிறுத்த ஞாபகத்துல இன்னிக்குக் கழிச்சீங்கன்னா அது எடை இல்ல, ஜோசியம்!"

தெருவில் பாதிப் பேருக்கு இந்த வசனம் மனப்பாடம். அவர் வாயைத் திறப்பதற்குள் அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள்.

அவருடைய மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வீட்டிலும் தெருவிலும் அவள் பெயர் டிரைவரம்மா. பிள்ளை பிறந்து வீட்டோடு இருந்தவள், இரண்டு மாதத்துக்கு முன்புதான் திரும்ப வேலைக்குப் போனாள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மதியம் இரண்டரைக்குத் திரும்புவாள். அதுவரை பட்டாணி அப்பாவின் பொறுப்பு. அவள் வந்த பிறகுதான் அவர் கடை திறப்பார். ஏற்பாடு என்னவோ நன்றாகத்தான் நடந்தது. ஆனால் டிரைவரம்மாவின் மனசு மட்டும் நிலைகொள்ளவில்லை. "நான் போனதுல இருந்து புள்ள இளைச்சுட்டா, கழுத்தெலும்பு தெரியுது" என்று தினமும் ஒரு முறையாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

மற்ற வீடுகளில் பிள்ளையின் உயரத்தைக் கதவில் கோடு போடுவார்கள். இந்த வீட்டில் எடை. ஞாயிறு தவறாமல் காலையில் பட்டாணியைத் தராசில் உட்காரவைத்து, வந்த எண்ணைப் படுக்கையறைக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதுவார். ஒரு மருத்துவமனை கழித்துப்போட்ட பழைய தராசு அது. தொட்டில் போலக் குழிந்த அகலத் தட்டு, முன்னால் சின்னத் திரையில் எண். அதை வாங்கி வந்து உயிர்கொடுத்து மூலையில் வைத்திருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவு ஒரு அதிசயத்தைக் கண்டது. முந்தைய வாரம் பத்தே கிலோ அறுநூற்றைம்பதாக இருந்த பட்டாணி, பதினொன்று இருநூற்றுப் பத்து! ஒரே வாரத்தில் அரைக்கிலோவுக்கு மேல். தராசுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? என் கைப்பக்குவம்! இனிமே கழுத்தெலும்பு, காதெலும்புன்னு எதாவது சொன்ன, கெட்ட கோபம் வரும்" என்றார். டிரைவரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலை, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, வாசலில் நின்று நாலு முறை திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போனாள்.

அதே திங்கட்கிழமை தராசுக்காரருக்கு ஒரு சனியன் பிடித்தது. கடையில் பெட்டியைத் திறந்தால் அரைக்கிலோ கல்லைக் காணோம். பள்ளம் காலியாக அவரைப் பார்த்து இளித்தது. கடையைத் தலைகீழாகப் புரட்டினார். கடைசியாக அந்தக் கல்லைக் கையில் எடுத்தது எப்போது என்று மண்டையை உடைத்துக்கொண்டார். சனிக்கிழமை. அவர் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்து மருந்துக்கடை வாசலில் இருக்கும் ஆள் நிறுக்கும் மெஷினைச் சரிசெய்தபோது. உடனே போய், நாலு வாடிக்கையாளர்கள் முன்னால், "அக்கா, என் அரைக்கிலோ கல்லு உங்க கிட்ட மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். மருந்துக்கடை அக்கா முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவர். கண்ணாடியைக் கழற்றினார்.

"மாட்டிக்கிச்சான்னா? நான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேங்கிறியா?"

"ஐயையோ, அப்படி இல்லக்கா…"

"வேற எப்படி?"

அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. படியில் எதிரே வந்தால் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவார்.

இப்போது வெள்ளிக்கிழமை காலை. பட்டாணி இரண்டாவது வாந்தியைத் தராசுக்காரரின் சட்டையிலும், மூன்றாவதைத் தரைவிரிப்பிலும் எடுத்து முடித்திருந்தாள். நடுநடுவே வயிற்றுப்போக்கு வேறு, தண்ணீராக. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு இடுப்பில் பிள்ளை, மறு கையில் துணி. நனைந்து கிடந்த வாத்தைத் தொட மனம் வராமல், குப்பை அள்ளுகிற தட்டால் வாரிக் குளியலறை வாளியில் தள்ளினார். டொம் என்று விழுந்து அடியில் போய் உட்கார்ந்தது. அதன் மேல் சோப்புத் தூளைக் கொட்டிவிட்டு அடுத்த அசிங்கத்தைத் துடைக்க ஓடினார்.

ஏழு இருபதுக்கு டிரைவரம்மாவின் போன் வந்தது. வண்டி ஓட்டும்போது அவள் போனைத் தொடமாட்டாள்; கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்கும்போதுதான் பேசுவாள்.

"என்ன பண்றா என் பட்டாணி?"

"வாந்திம்மா. வயிறும் போகுது."

"எத்தன தடவ?"

"வாந்தி மூணு, அது மூணு."

"அக்கா கிட்ட காட்டுனீங்களா?"

"கடை எட்டு மணிக்குத்தான் திறப்பாங்க… அவங்க என் கிட்ட பேசுறதில்லையே?"

"உங்க வீராப்ப மடிச்சு அலமாரில வைங்க. பிள்ளையத் தூக்கிட்டுப் போங்க."

போனார். எட்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே, ஷட்டர் பாதி ஏறிய கடைக்குள் குனிந்து நுழைந்து, பிள்ளையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, பட்டாணியைப் பார்த்தார். கோபம் என்னவோ மூக்கின் நுனியில் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் கை நீண்டு பிள்ளையின் நெற்றியைத் தொட்டது.

"ஜுரம் இல்ல. ரத்தம் கித்தம் போகுதா?"

"இல்லக்கா."

"நாலு நாளா ஊரெல்லாம் இதேதான், பாதிப் பிள்ளைங்களுக்கு இருக்கு. தானா வந்தது தானா போகும். தண்ணி மட்டும் வத்தக் கூடாது." ஒரு உப்பு-சர்க்கரைப் பாக்கெட்டை மேசையில் போட்டார். "ஒரு பாக்கெட்டு, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணி. அளந்து ஊத்து. ஒரு ஸ்பூன் கொடு, ஒரு நிமிஷம் பொறு, அடுத்த ஸ்பூன். மொத்தமா ஊத்தினா மொத்தமா வெளிய வரும். கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?"

"அஞ்சரைக்கு அவங்கம்மா நாப்கின் மாத்தினப்போ நனைஞ்சிருந்துச்சாம். அப்புறம் தெரியல. எல்லாமே தண்ணியா போகுது, எது என்னன்னே புரியல."

"ஆறு மணி நேரத்துக்குள்ள போகணும். பதினொண்ணரை தாண்டினா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. ஆளு துவண்டாலும் போ. எடை எவ்வளவு?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "பதினொண்ணு இருநூத்திப் பத்து."

"அரைக்கிலோவுக்கு மேல குறைஞ்சுதுன்னா யோசிச்சிட்டு நிக்காத. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு. நரம்புல ஏத்துவாங்க." சொல்லிவிட்டு, பட்டாணியின் கன்னத்தை ஒரு விரலால் தட்டினார். "உங்கப்பன் கிட்ட சொல்லு, மீதிச் சில்லறைய எண்ணிப் பாத்து எடுத்துக்கச் சொல்லு. அப்புறம் அதயும் நான் திருடிட்டேன்னு வரப் போறான்."

தராசுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. படியேறினார்.

நரம்பில் ஏற்றுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். போன மாதம் தடுப்பூசி போட்டபோது ஒரே ஒரு குத்து. அதற்கே பட்டாணி இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்தானே பிடித்துக்கொண்டார்! இப்போது அந்தச் சின்னக் கையில் ஊசியைச் செருகி, ஒட்டி, மணிக்கணக்கில் கட்டிப்போட்டு வைப்பார்கள். மறுபடியும் அவர்தான் பிடிக்க வேண்டும். எப்பாடு பட்டாவது இந்த ஒரு லிட்டரை ஸ்பூன் ஸ்பூனாக உள்ளே அனுப்பிவிட வேண்டும். அது ஒன்றுதான் அன்றைக்கு அவருடைய வேலை.

பட்டாணிக்கு அந்த எண்ணம் இல்லை. முதல் ஸ்பூனைத் துப்பினாள். இரண்டாவதைத் தட்டிவிட்டாள். மூன்றாவதுக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டு, "வாத்து" என்றாள்.

"வாத்து குளிக்குதுடா கண்ணு. நீ ஒரு வாய் குடி."

"வாத்து!"

கெஞ்சினார், கொஞ்சினார், ரயில் விட்டார், விமானம் விட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் தொழில்தான் கைகொடுத்தது. தபால் நிறுக்கிற சின்ன முள் தராசு ஒன்று பழுதுக்கு வந்திருந்தது. அதைத் தூக்கிவந்து தரையில் வைத்தார். வெள்ளை முகம், சிவப்பு முள். தட்டில் காலி டம்ளரை வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீரைப் பட்டாணியின் கையாலேயே ஊற்றவைத்தார். முள் துளி நகர்ந்தது. பட்டாணியின் கண்கள் விரிந்தன.

"முள்ளு ஓடுதா? இப்ப நீ குடி, முள்ளு வீட்டுக்குப் போகும்."

டம்ளரை எடுத்துக் குடித்தாள். தட்டு காலியானதும் முள் பின்னால் போய்ப் படுத்தது. கைதட்டினாள். "இன்னு!" என்றாள்.

பிறகென்ன? ஒரு ஸ்பூன் ஊற்றுவது, முள்ளைப் பார்ப்பது, குடிப்பது, முள்ளுக்கு டாட்டா காட்டுவது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றரை நிமிடம் பிடித்தது. அக்கா சொன்ன இடைவெளி தானாகவே கிடைத்துவிட்டது. நடுவில் ஒரு முறை கொஞ்சம் வாந்தி. துடைத்துவிட்டு, பத்து நிமிடம் தோளில் போட்டுத் தட்டிவிட்டு, மறுபடி முள். ஒன்பதரைக்கு மேல் வாந்தி இல்லை. வயிற்றுப்போக்கும் மேலும் ஒரு தடவையோடு நின்றிருந்தது. பத்து மணிக்குத் தராசுக்காரர் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். சட்டையில் புளித்த வாடை, முட்டியில் சோப்பு நுரை, மடியில் பிள்ளை. ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையில் காய்ந்துகொண்டிருந்த துணிகளின் மேல் விழுந்தது. ஊரில் எல்லாரும் வேலைக்கு ஓடுகிற நேரத்தில் இப்படி உட்கார்ந்து பிள்ளைக்கு முள் காட்டிக்கொண்டிருப்பது நன்றாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொன்னால், மிகவும் நன்றாக இருந்தது.

அந்த நிம்மதியோடு இருந்திருக்கலாம். தராசுக்காரருக்கு அது போதவில்லை. எண்ணில் பார்த்தால்தான் அவருக்கு எதுவும் நிஜம். பத்தரைக்குப் பட்டாணியின் துணியை உருவி, பெரிய தராசின் தட்டில் உட்காரவைத்தார்.

பத்தே கிலோ அறுநூற்று இருபது.

மறுபடி தூக்கி, மறுபடி வைத்தார். பத்து அறுநூற்று இருபது. கதவைப் பார்த்தார். பதினொன்று இருநூற்றுப் பத்து. ஐந்நூற்றுத் தொண்ணூறு கிராம் குறைவு. அரைக்கிலோவுக்கு மேல்.

எடைப்பெட்டியைத் திறந்து ஐந்து கிலோ கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார். திரை ஐந்து என்றது. இரண்டைச் சேர்த்தார், ஏழு என்றது. தராசில் ஒரு குறையும் இல்லை. சற்று முன் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையின் கண்கள் இப்போது அவருக்குக் குழிவிழுந்து தெரிந்தன. உதடு காய்ந்து தெரிந்தது. பட்டாணி என்னவோ காலியான தட்டை இரண்டு கையாலும் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

"இப்ப எப்படி இருக்கா?"

"அரைக்கிலோவுக்கு மேல போயிடுச்சும்மா." குரல் அவருக்கே பிடிபடவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"சுருண்டு படுத்திருக்காளா?"

"இல்ல. தாளம் போடுறா."

"சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறா."

"அப்புறம் என்னங்க? பிள்ளையப் பாருங்க, தராசப் பாக்காதீங்க!"

"தராசு பொய் சொல்லாதும்மா."

அந்தப் பக்கம் இன்ஜின் உறுமியது. பிறகு டிரைவரம்மாவின் குரல் தழுதழுத்தது. "ஒரு வாரமா நிம்மதியா வண்டி ஓட்டினேன்… சரி, விடுங்க. மாத்தாள் அனுப்பச் சொல்றேன். நீங்க டாக்சிக்குச் சொல்லிட்டுக் கிளம்புங்க."

டாக்சிக்குச் சொன்னார். பத்து நிமிடம் என்றார்கள். பையில் துணி, நாப்கின், உப்பு-சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் திணித்தார். ரோஷம் எல்லாம் பறந்துபோய், மருந்துக்கடைக்கு போன் போட்டார். "அக்கா, அரைக்கிலோவுக்கு மேல குறைஞ்சிடுச்சுக்கா" என்றார். அடுத்த நிமிடம் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. அதற்கடுத்து, படியில் மூச்சிரைக்கிற சத்தம்.

அக்கா உள்ளே வந்தபோது பட்டாணி வாசலில் மல்லாக்கப் படுத்துக் கால்களை உதைத்துக்கொண்டிருந்தாள். வெளியே போகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாத்து இல்லாமல் எப்படிப் போவது? "வாத்தூ! வாத்தூ!" என்று ஊரைக் கூட்டினாள். கன்னம் இரண்டிலும் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

அக்கா குனிந்து பார்த்தார். கண்ணீரை விரலால் தொட்டார். அலறுகிற வாய்க்குள் எட்டி நாக்கைப் பார்த்தார். வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டார்; அது பட்டென்று பழையபடி ஒட்டிக்கொண்டது.

"ஏன் தம்பி, இதுவா அரைக்கிலோ போன புள்ள?" என்றார். நாலு நாளுக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. "கண்ணுல தண்ணி கொட்டுது. நாக்கு ஈரமா இருக்கு. கத்துற கத்துல என் காது போச்சு. தண்ணி வத்தின புள்ளைக்கு இவ்வளவு தெம்பு ஏது?"

"நிறுத்துப் பாத்தேங்க்கா. ரெண்டு தடவ."

"ஒண்ணுக்குப் போனாளா?"

"இன்னும் இல்ல."

"அதுதான் எனக்கும் இடிக்குது. சரி, எதுக்கும் போய்க் காட்டிட்டு வந்துடு. முதல்ல அந்த வாத்தக் கொடுத்துத் தொலை, புள்ள தொண்ட கிழியுது."

"ஈரமா இருக்குக்கா, வாளில ஊறுது."

"பிழிஞ்சு ஒரு பையில போட்டுக் கொடு." சொன்னவர் அவர் செய்வார் என்று காத்திருக்கவில்லை. குளியலறைக்குப் போய், வாளியில் கைவிட்டு, வாத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். "என்னப்பா இது, வாத்தா, செங்கல்லா?"

"தண்ணி குடிச்சிருக்கும்கா."

அக்கா இரண்டு கையாலும் வாத்தை முறுக்கிப் பிழிந்தார். சோப்பு நீர் ஊற்றியது. கூடவே, தையல் விட்ட வயிற்றிலிருந்து என்னவோ வழுக்கி வந்து, ணங்கென்று தரையில் விழுந்து, உருண்டு, தராசுக்காரரின் கட்டைவிரலில் முட்டி நின்றது.

பித்தளை. தலையில் குமிழ். அரைக்கிலோ.

பட்டாணி அழுகையை நிறுத்தினாள். "கல்லு!" என்றாள், பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி.

அக்கா வாத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கடைசியாகத் தராசுக்காரரைப் பார்த்தார். அவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கும் அடியில் வேறு ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. தராசைச் சரிபார்க்கப் பெட்டியைத் திறந்தது. பெரிய கற்களை மட்டும் எடுத்தது. பெட்டிக்குப் பக்கத்தில் பட்டாணி உட்கார்ந்து விளையாடியது. பிறகு அவளைத் தட்டில் வைத்தபோது…

"தம்பி," என்றார் அக்கா, மிக மெதுவாக, "ஞாயித்துக்கிழமை இவள வாத்தோடவா நிறுத்த?"

"விடமாட்டேன்னு அழுதாக்கா. வாத்து எடைதான் எனக்குத் தெரியுமே, நூத்தி இருபது கிராம். அதக் கழிச்சிட்டுத்தான் எழுதினேன்."

"அத எப்ப நிறுத்த?"

"வாங்கின அன்னிக்கு."

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். மூச்சை நன்றாக இழுத்தார். வாத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தெரு முழுக்கக் கேட்கிற குரலில், ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார்: "முதல்ல வெறும் பாத்திரத்த நிறுங்க. தினமும் நிறுங்க. நேத்து நிறுத்த ஞாபகத்துல இன்னிக்குக் கழிச்சீங்கன்னா அது எடை இல்ல…"

"ஜோசியம்" என்றார் தராசுக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

"அப்ப நிஜமா குறைஞ்சது எவ்வளவு?"

"தொண்ணூறு கிராம்."

"போடா இவனே!" என்றார் அக்கா. தம்பி என்கிற மரியாதை எல்லாம் காற்றில் போய்விட்டது. ஆனாலும் அந்த 'இவனே'யில் கோபம் இல்லை. சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கீழே டாக்சி வந்து ஹார்ன் அடித்தது.

"அனுப்பிடட்டுமாக்கா?"

அக்கா மணியைப் பார்த்தார். பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம். "நிறுத்தி வை. ஒண்ணுக்குப் போகல இல்ல? பதினொண்ணரை வரைக்கும் பாப்போம். போகலைனா நானே கூட வரேன்."

ஆக, அரைக்கிலோ திரும்பக் கிடைத்தும் முழு நிம்மதி கிடைக்கவில்லை. தராசுக்காரர் மறுபடி முள் தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்பூன், முள், வாய். ஸ்பூன், முள், வாய். அக்கா வாத்தைத் துண்டில் சுற்றி ஒத்தியெடுத்துப் பட்டாணியின் பக்கத்தில் உட்காரவைத்தார்; வாத்துக்கும் ஒரு ஸ்பூன் காட்ட வேண்டியதாயிற்று. பதினொன்று ஆயிற்று. பதினொன்று ஐந்து. பட்டாணி டம்ளரைத் தள்ளிவிட்டு, தானாகவே எழுந்து நடந்து, பெரிய தராசைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏத்து" என்றாள். எடை பார்த்தே வளர்கிற வீட்டுப் பிள்ளை. காலையிலேயே இரண்டு முறை ஏறியாயிற்று, மூன்றாவது ஏன் இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"வாத்து கிடையாது" என்றார் அப்பா, கண்டிப்பாக.

"அது சரி, இப்பவாவது!" என்றார் அக்கா, வாத்தைக் கையில் வாங்கிக்கொண்டு.

அப்பா பிள்ளையின் துணியை உருவித் தட்டில் தூக்கி நிறுத்தினார். திரை ஓடி நின்றது. பத்து அறுநூற்று நாற்பது. இருபது கிராம் ஏறியிருந்தது. "குடிச்சது உள்ள நிக்குதுக்கா" என்று சொல்ல வாயெடுத்தவர், பட்டாணியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். ஆட்டம் நின்றுபோய், கண்கள் எங்கோ தூரத்தில் நிலைகுத்தி, பெரிய யோசனையில் ஆழ்ந்தவள் போல நின்றாள். பிறகு தட்டில் ஒரு சத்தம் எழுந்தது. மெல்லத் தொடங்கி, பலத்து, நிற்காமல் நீண்டது. மஞ்சள் நீர் காலைச் சுற்றித் தேங்கிக் குளமாயிற்று.

தராசுக்காரர் வாய் பிளந்து திரையைப் பார்த்தார். பத்து அறுநூற்று நாற்பது. ஒரு கிராம் ஏறவில்லை, ஒரு கிராம் இறங்கவில்லை. பிள்ளைக்குள் இருந்தது தட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதானே! இருபது வருடத் தொழிலில் அவர் பார்த்த எடைகளிலேயே அழகான எடை அதுதான். நின்ற எண் அப்படியே நிற்க, அவருடைய நெஞ்சிலிருந்து மட்டும் ஒரு மூட்டை இறங்கிப்போனது.

"அக்கா!" என்று அலறினார். "போறாக்கா! ஒண்ணுக்குப் போறா!"

"தெரியுது, தெரியுது, எம் புடவை மேலயும் தெறிக்குது" என்றார் அக்கா. அவர் கண்ணிலும் தண்ணீர்தான். ஜன்னலுக்குப் போய், "நீ போப்பா, ஆஸ்பத்திரி இல்ல!" என்று டாக்சிக்காரரை அனுப்பிவைத்தார். "ரெண்டு நாளைக்கு இந்தத் தண்ணிய விடாத. பசின்னு கேட்டா குழைஞ்ச சோறு, வாழைப்பழம் கொடு. மறுபடி வாந்தி வந்தா என்னக் கூப்பிடு."

"அக்கா, அந்தக் கல்லு விஷயம்… என்னை…"

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளு. மொதல்ல கையக் கழுவு, சோப்புப் போட்டு. நாளைக்கு நீ படுத்துக்கிட்டா உன்ன எந்தத் தட்டுல வச்சு நிறுக்கறது?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.

டிரைவரம்மா வந்து சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். சீருடையோடு, படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். உள்ளே தகப்பன் முழங்கால் போட்டுத் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் வாழைப்பழத்தைக் கையில் பிசைந்து பாதியைத் தானும் மீதியை வாத்தும் தின்னும்படி ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். டிரைவரம்மா மகளுக்குப் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

"தட்டு நிறைய போனாம்மா" என்றார் அவர். பிறகு, தப்பித்துக்கொள்ள வழியில்லாமல், கல்லை எடுத்து அவள் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, ஜோசியம் உட்பட.

அவள் கல்லை உருட்டி உருட்டிப் பார்த்தாள். "அதான் புதன்கிழமை இவ வாத்தச் சுழட்டினப்போ என் முழங்கால்ல பட்டு உயிரே போச்சு. துணி வாத்து இடிச்சா வலிக்குதான்னு விழுந்து விழுந்து சிரிச்சீங்களே!"

"சிரிச்சேன்" என்றார் அவர்.

அவளும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் முகம் மாறியது. கதவில் இருந்த எண்ணைப் பார்த்தாள். ஒரு வாரமாக ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவள் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்ட எண்.

"அப்ப இவ போன வாரம் எடையே போடலையாங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். கைப்பக்குவம், அரைக்கிலோ, கெட்ட கோபம் எல்லாம் நினைவுக்கு வந்து நாக்கைப் பிடுங்கின. "அறுபது கிராம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "வெறும் அறுபது."

"அது நிஜமா?"

"கல்லக் கழிச்சாச்சு, வாத்தக் கழிச்சாச்சு. அது நிஜம்."

டிரைவரம்மா பிள்ளையைப் பார்த்தாள். வாழைப்பழம் மூக்கு வரைக்கும் ஏறியிருந்தது. கழுத்தெலும்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"நான் இல்லாம, நீங்க ஊட்டி, அறுபது கிராம் போட்டிருக்கா" என்றாள். "எனக்கு அது போதுங்க. நிஜமா இருந்தா போதும்."

தராசுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எண்ணை அழிக்க ரப்பரைத் தேடினார். அவள் அவர் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி, அழிக்காதீர்கள் என்று சைகை காட்டி, பதினொன்று இருநூற்றுப் பத்துக்குப் பக்கத்தில் 'வாத்து வயிற்றுக் கல்லும் சேர்த்து' என்று எழுதினாள். அதற்குக் கீழே அன்றைய எண்ணை அவர் எழுதினார்.

பிறகு அவள் ஊசியில் நூல் கோத்து வாத்தையும் ஊசியையும் அவர் கையில் கொடுத்தாள். ஈர வாத்தின் வயிற்றைத் தைக்க உட்கார்ந்தவர், முதல் தையலுக்கு முன்னால் உள்ளே விரலை விட்டு நன்றாகத் துழாவிப் பார்த்தார். சற்று முன் வாத்துக்குக் காட்டிய ஸ்பூன் கிடைத்தது. அதைக் கழுவி, அடுத்த வாய்த் தண்ணீரை அதிலேயே எடுத்து நீட்டினார். பட்டாணி வாயைத் திறந்தாள்.